ஆணவ இருளில் அராகம்

அவாவை அறுக்கச் சொல்லும் அறநூல்களை ஓதி வளர்ந்த ஒரு மரபில், குழந்தை தனக்குப் பிடித்த செயலில் காட்டும் விருப்பம் அடக்கத்தக்கதா, வளர்க்கத்தக்கதா என்னும் வினா எழுவது இயல்பே. உயிரைக் கட்டி நிற்கும் மலங்களைப் பற்றிய சைவ சித்தாந்தக் கொள்கை குழந்தை வளர்ப்பைப் பேச எழுந்ததன்று. எனினும் இவ்வினாவுக்கு அது ஆழமான விடை ஒன்றை உள்ளடக்கியுள்ளது.

உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை, அதாவது விழைதல், அறிதல், செய்தல் என்னும் மூன்று ஆற்றல்கள் இயல்பாகவே உண்டு என்றும், அவற்றை ஆணவ மலம் அநாதியாக மறைத்து நிற்கிறது என்றும் சித்தாந்தம் கூறும். ஆணவம் என்றதும் செருக்கு என்னும் உலக வழக்குப் பொருளே நினைவுக்கு வருகிறது. ஆனால் 'அணு' என்னும் சொல்லின் அடியாகப் பிறந்த அச்சொல், பரந்து நிற்கும் தன்மையுள்ள உயிரை அணுவளவாகச் சுருக்குவது எதுவோ அதனையே குறிக்கும். அவ்வாறாயின், கரும்பலகையின் முன் சாக்பீஸைப் பிடித்தபடி 'எனக்கு வராது' என்று குழந்தை குறுகி நிற்பதும், தற்பெருமையைப் போலவே, ஆணவத்தின் முகம் என்று கொள்ள இடமுண்டு. தன்னம்பிக்கையைச் செருக்கின் தொடக்கமாகக் கருதி அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆணவ இருளிற் கிடக்கும் அவ்வுயிருக்கு, உலகின் மூலப்பொருளாகிய மாயையிலிருந்து தோன்றும் தத்துவங்கள் துணையாகக் கூட்டப்படுகின்றன. அவற்றுள் கலை செய்தலையும், வித்தை அறிதலையும், அராகம் விழைதலையும் சிறிதளவு விளங்கச் செய்யும். மாயையை விடியுமளவும் எரியும் விளக்குக்கு உவமை கூறுகிறது உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயன். விழைவு இங்கே கட்டுத்தான், ஆயினும் உதவும் கட்டு. விடியுமுன் விளக்கை அணைப்பது ஞானமாகாது. அந்த விழைவும் அவ்வவ்வுயிரின் வினைக்கேற்ப வெவ்வேறு பொருளின்மேல் செல்வதாகலின், தந்தை விரும்பியதையே மகளும் விரும்ப வேண்டும் என்னும் எதிர்பார்ப்புக்கு இக்கொள்கையில் இடமில்லை.

குழந்தை தன் விழைவாலேயே ஒரு செயலில் ஆழ்வதற்குக் கல்வித்துறையிலும் சான்று உண்டு. 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதற்பள்ளியைத் தொடங்கியவரும், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவருமான மரியா மாண்டிசோரி, ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதியுள்ளார். அளவில் வேறுபட்ட மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக அவள் நாற்பது முறைக்கு மேல் அச்செயலைச் செய்தாள். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தபோதும், உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள். பரிசோ பாராட்டோ அங்கு இல்லை.

பரிசு நுழைந்தால் நேர்வதை, மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு காட்டுகிறது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் முன்பே ஆர்வமுள்ள மழலையருள், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று சொல்லப்பட்டவர்கள், பின்னர்த் தம் விருப்பம்போல் விளையாடும் நேரத்தில், பரிசு பெறாதவர்கள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் இக்குறைவு காணப்படவில்லை. வினையின் மேலிருந்த விழைவு பயனின் மேல் மாறிவிட்டது எனலாம். கீதை பயனில் பற்றற்ற செயலைப் பற்றிக் கூறுவதைக் கடுந்துறவாக மட்டுமே படிப்போர் கவனிக்க வேண்டிய இடம் இது.

பிடித்ததெல்லாம் குழந்தையை வளர்க்குமா என்னும் ஐயம் நியாயமானது. மூன்று ஆற்றல்களும் ஒருங்கே விழிக்கின்றனவா என்பதே அதற்கு உரைகல்லாகலாம். கைப்பேசித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் காணொளிகளின் முன் விழைவு மட்டும் விழித்திருக்க, கை உறங்குகிறது. வாசலில் கோலமிடப் பழகும் சிறுமியோ புள்ளிகளை எண்ணுகிறாள்; மாவை இரு விரல்களுக்கிடையே ஒரே சீராக விழவிடுகிறாள்; இழை பிசகிய இடத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே, அந்த வளைவை மறுபடியும் இழுக்கிறாள்.