பணிவழிப் பயணமும் நன்றிக்கடனும்

உத்தியோகத்தின் பெயரால் உலகம் சுற்றும் வாய்ப்பு இன்று பலருக்குக் கிடைக்கின்றது. கப்பலில் பணிபுரியும் மாலுமி, கருத்தரங்குக்கு அனுப்பப்படும் விரிவுரையாளர், இயந்திரம் பொருத்தச் செல்லும் பொறியியலாளர், பயிற்சிக்குத் தெரிவாகும் வங்கி உத்தியோகத்தர் எனப் பட்டியல் நீளும். தன் கைக்காசில் ஒருபோதும் காணமுடியாத நகரங்களை நிறுவனத்தின் செலவில் கண்டுவரும் ஒருவர் "இது எனக்குக் கிடைத்த பாக்கியம்" என்று மகிழ்வது இயல்பே. ஊருக்கு வந்ததும் ஆலயத்தில் ஓர் அர்ச்சனை செய்விப்பாரும் உளர். நல்ல வழக்கந்தான். ஆயினும் மகிழ்ச்சி வேறு, நன்றி வேறு. மகிழ ஒருவர் போதும். நன்றிக்கு இருவர் வேண்டும். அந்த இரண்டாமவர் யார் என்பதே இங்கு எழும் வினா.

"சம்பளத்துக்கு வேலை செய்கிறோம், அனுப்புகிறார்கள், போகிறோம், இதில் நன்றி எங்கே வந்தது?" என்று கேட்பவர்களும் உண்டு. முற்றாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. உழைப்புக்கு ஊதியம் என்பது கணக்கு. கணக்குத் தீர்ந்த இடத்தில் கடன் இல்லை. ஆனால் ஒரே தகைமை கொண்ட பலருள் ஒருவர் தெரிவாகும்போது, அவருக்கும் தெரிவாகாதவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் உழைப்பினால் வந்ததென்று சொல்லமுடியுமா? வடபகுதி மக்களுக்கு இதனை அதிகம் விளக்கவேண்டியதில்லை. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின், கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போவதற்கே பாஸ் எடுத்து, கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்திருந்து, நாள் தவறிப்போனவர்கள் பலர். அவர்களுடைய பெறுபேறுகள் குறைந்தவையல்ல, பாதைதான் இருக்கவில்லை. இன்று கந்தோர்ச் செலவில் சிங்கப்பூருக்குப் பறப்பவர், தனக்குத் திறந்திருந்த பாதையைத் தானே வெட்டியதாக எண்ணுவது சரியன்று.

அனுப்பிய நிறுவனத்துக்கு நன்றி பாராட்டுவது முறையே. ஆனால் அங்கே ஒரு பொறியும் உண்டு. திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் பதினோராம் அதிகாரம். அதற்கு அடுத்து வருவது நடுவுநிலைமை. இந்த வைப்புமுறைக்குப் பரிமேலழகர் காரணம் காட்டுகிறார். ஒருவர் செய்த உதவியை நினைக்கும்போது நடுவுநிலை சிதையக்கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே அடுத்து வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. விற்பவரின் செலவில் வெளிநாடு சென்று, அவர் ஒழுங்குசெய்த விடுதியில் தங்கி, அவர் விருந்தையும் உண்டபின், அவருடைய இயந்திரத்தின் குறையை அறிக்கையில் எழுதவேண்டிய உத்தியோகத்தரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். மருந்துக் கம்பனிகளின் உபசாரத்தில் மாநாடுகளுக்குச் செல்லும் வைத்தியர்களைப் பற்றிப் பல நாடுகளிலும் எழுந்த விவாதமும் இதுவே. கொடுப்பவர் இலஞ்சம் என்று சொல்லிக் கொடுப்பதில்லை. பெறுபவரும் அப்படி எண்ணிப் பெறுவதில்லை. நன்றி என்னும் நல்ல குணத்தின் வழியாகவே பேனை வளைகின்றது. விருந்துக்கு வாயால் நன்றி கூறி, குறையைக் குறையென்றே எழுதிக் கையொப்பமிடுபவர்தான் இரண்டு அதிகாரங்களையும் கற்றவர்.

மாணிக்கவாசக சுவாமிகளின் வரலாறும் ஓர் உத்தியோகப் பயணத்தில்தான் திரும்புகின்றது. பாண்டியனின் அமைச்சராயிருந்த திருவாதவூரர் குதிரை வாங்குவதற்காக அரச பொருளுடன் அனுப்பப்பட்டார். திருப்பெருந்துறையில் குருந்தமர நிழலில் குருவைக் கண்டார். பொருள் ஆலயத்துக்கும் அடியாருக்கும் செலவாயிற்று. அரசன் அனுப்பியிராவிட்டால் அந்தச் சந்திப்பு இல்லை. அப்படியாயின் நன்றி அரசனுக்கா, குருவுக்கா? அடியார்கள் இதில் தடுமாறுவதில்லை. எனினும் புராணம் அரசனின் கணக்கை மறந்துவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இறைவனே குதிரைச் சேவகனாக வந்து, நரிகளைப் பரிகளாக்கி ஒப்படைக்கின்றார். அவை இரவில் மீண்டும் நரிகளாகிவிட, வாதவூரர் வைகையின் சுடுமணலில் நிறுத்தப்படுகின்றார். அருள் கிடைத்த பயணத்துக்கும் பொறுப்புச் சொல்லவேண்டியிருந்தது. (பயணச் செலவுப் பற்றுச்சீட்டுகளைப் பெருப்பித்து எழுதுவோர் இவ்விடத்தைச் சற்று ஆறுதலாகப் படிக்கலாம்.) பின்னர் வைகை பெருகுகின்றது. கரையடைக்க எல்லோரும் தம் பங்குக்கு ஆள் விடவேண்டும் என ஆணை பிறக்கின்றது. அனுப்ப ஆளில்லாத வந்திக் கிழவிக்காக இறைவன் கூலியாளாகி, உதிர்ந்த பிட்டை வாங்கி உண்டு, மண் சுமக்கின்றார். ஆவணி மூலத்தில் ஆலயங்களில் நினைவுகூரப்படும் இக்கதையில், பயணம் போன அமைச்சரையும் வீட்டைவிட்டு நகராது பிட்டு அவித்த கிழவியையும் ஒரே வெள்ளம் இணைத்துவிடுகின்றது. அவ்வளவு தூரம் சென்றவருக்குக் கிடைத்த காட்சி, எங்கும் போகாதவளின் அடுப்படிக்கே வந்து கூலி கேட்டது.

எங்கும் போகாதவர்களைத்தான் பயணம் போவோர் குறைவாக நினைக்கின்றனர். பழந்தமிழ் இலக்கணம் பொருள் தேடிச் செல்வதைப் பயணம் என்று வகுக்கவில்லை. பிரிவு என்றே வகுத்தது. கல்வி, பகை, தூது, பொருள் ஆகியவற்றின் பொருட்டுச் செல்வது அனைத்தும் தொல்காப்பியத்தில் பிரிவுதான். போகிறவனின் கண்ணால் அன்றி, வீட்டில் இருப்பவளின் கண்ணால் இடப்பட்ட பெயர் அது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, ஊர் மாலுமிகளுடன் சூயஸ் கால்வாயையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இன்றும் பெருமையோடு பேசப்படும் பயணம். பேசத்தான் வேண்டும். அத்தனை மாதங்களும் அவர்களின் வீடுகளில் அடுப்பு அணையாமற் காத்தவர்களைப் பற்றிய பேச்சுத்தான் மிகக் குறைவு.

இரு வாரப் பயிற்சிக்காக ஒருவர் வெளிநாடு செல்கையில், பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்குவது யார்? தாயாரைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வது யார்? கந்தோரில் அவருடைய கோப்புகளைப் பார்ப்பது யார்? திரும்பி வரும்போது மனைவிக்கு ஒரு சேலையும், பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு சொக்கிளேற் பெட்டியும் வருகின்றன. வேண்டாம் என்பதற்கில்லை. ஆனால் அடுத்த வாய்ப்பு வரும்போது பக்கத்து மேசைக்காரரின் பெயரை மேலதிகாரியிடம் சொல்வதும், அவர் போயிருக்கும் நாட்களில் அவருடைய கோப்புகளை முகம் சுளிக்காமற் பார்ப்பதும், மனைவிக்கு ஒரு பயிற்சி வந்தால் லீவு போட்டு வீட்டில் நின்று சோறு வடிப்பதும்தான் பட்ட கடனுக்குச் சற்றுக் கிட்டவாவது வரும்.