தண்டியடிகளின் கயிறு

பார்வையற்ற நாயனார் தண்டியடிகளின் கதையை எங்கள் திருவாரூரில் எல்லோரும் முடிவை வைத்தே சொல்வார்கள்: கமலாலயக் குளத்தில் மூழ்கினார், கண் பெற்று எழுந்தார். பிறவியிலேயே பார்வையில்லாத எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. குளம் தூர்ந்து குறுகிக் கிடந்தது. அடிகள் குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவியபடி இறங்கி மண்ணை வெட்டினார். கூடையோடு கயிற்றைத் தடவியே கரையேறிக் கொட்டினார். யாரும் கைபிடித்து அழைத்துப் போகவில்லை.

இறைவன் அருள் எதில் இருந்தது, கண்ணிலா கயிற்றிலா? கயிற்றில்தான் என்று நான் நம்புகிறேன். திருப்பணி நடந்தது அதனால்தான். கதை முடிவில் அவரை எதிர்த்த சமணர்கள் பார்வை இழக்கிறார்கள். இதே ஊரில் வலக்கண் பெற்ற சுந்தரரும் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் கண்ணிழந்தார் என்கிறது புராணம். பார்வையின்மை தண்டனையாக வரும் இந்த இடங்களை என் மனம் ஏற்கவில்லை. எங்கள் கோயிலின் தியாகேசர் சந்நிதியில் நான் ஒருநாளும் தண்டிக்கப்பட்டவனாக நின்றதில்லை.

ஆனாலும் கயிறு ஒரு வழியைத்தான் காட்டும். சமணர்கள் தறியைப் பிடுங்கியதும் அடிகளின் வேலை நின்றுபோனது. அமெரிக்காவில் ஆய்வாளர் லோட்ஃபி மெராபெட்டும் சிலி நாட்டு ஹைமே சான்செஸும் செய்த காரியத்தை இங்கேதான் நினைத்துக்கொள்கிறேன். பார்வையற்றோருக்கான ஒரு மையத்தின் கட்டடத்தை ஒலியாலேயே கணினியில் எழுப்பினார்கள். வலப்பக்கம் கதவு இருந்தால் வலக்காதில் தட்டும் ஓசை கேட்கும். அதற்குள் ஒளித்த நகைகளைத் தேடி, பூதங்களிடம் சிக்காமல் வெளியே கொண்டுவருவது விளையாட்டு. 2012இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, பிறர் வழியைச் சொல்லிக்கொடுக்கக் கற்றவர்களைவிட, விளையாடிக் கற்றவர்களே நிஜக் கட்டடத்தில் குறுக்குவழிகளை நன்றாகக் கண்டுபிடித்தார்கள். முழு இடமும் மனத்தில் பதிந்துவிட்டால், எந்தத் தறியைப் பிடுங்கினாலும் வேறு வழி இருக்கும்.

எங்கள் ஊரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள். எனக்கு அது ஓசையால் ஆன ஊர். கோபுர வாசலுக்குள் கைத்தடியின் தட்டல் கனத்து ஒலிக்கும். பிராகாரத்துக்கு வந்ததும் லேசாகிவிடும். பூஜை வேளையில் ஐம்முக முழவம் அதிர்ந்தால் தியாகேசர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் கற்க எனக்குப் பாதி ஆயுள் போயிற்று.

அறநிலையத் துறைக்கு என் விண்ணப்பம் இது: இந்த ஓசைகளைப் பதிவுசெய்து, கோயிலுக்கும் குளத்துக்கும் ஓர் ஒலி வரைபடம் செய்யுங்கள். கண் தெரியாத பிள்ளைகள் வீட்டிலிருந்தே அதில் சுற்றிப் பழகட்டும். பங்குனிச் சதயம் தண்டியடிகள் குருபூஜை. அன்றைக்கு அதை வெளியிடுங்கள்.