முதலில் யாருக்கு?

மாநகரசபையொன்றின் வரவு செலவுத் திட்டத்தை ஞான வாசகமாக எவரும் வாசிப்பதில்லை. அதில் இருப்பவை வெறும் இலக்கங்களே என்று எண்ணுகின்றோம். ஆயினும் அந்த இலக்கங்களுக்குப் பின்னால் மனச்சாட்சியைத் தொடும் ஒரு கேள்வி நிற்கின்றது. எல்லாருக்கும் போதாத பணத்தில் முதலில் யாருக்குக் கொடுப்பது?

வேகமாக வளரும் நகரத்தில் இக்கேள்வி இன்னும் கூர்மையடைகின்றது. தென் பிறேசிலிலுள்ள போர்ட்டோ அலெக்ரே நகரில் 1950இல் 4 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்களே வாழ்ந்தனர். 1980இல் அத்தொகை 11 இலட்சத்தைத் தாண்டியது. பிழைப்புத் தேடி வந்தவர்கள் நகரின் ஓரங்களில் குடிசை போட்டார்கள். குழாய்நீரும் வடிகானும் அவர்களைப் பின்தொடர்ந்து போகவில்லை.

1989இல் மேயராகப் பதவியேற்ற தொழிற்சங்கவாதி ஒலீவியோ டூத்ராவின் நிருவாகம், புதிய வேலைகளுக்கான பணத்தை எங்கே செலவிடுவது என்று மக்களையே கேட்டது. நகரம் 16 பிரிவுகளாக வகுக்கப்பட்டது. மக்கள் கூடித் தங்கள் தேவைகளை வரிசைப்படுத்தினர். முதலில் கிடைத்தது ஏமாற்றமே. வருமானத்தின் பெரும்பகுதி சம்பளத்துக்கே போயிற்று. ஆதனவரி சீர்செய்யப்பட்ட பின்னரே வேலைகள் நடந்தேறின.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்றார் நம் ஆண்டவர். நியாயமான வரிகளைத் தட்டிக்கழிப்போரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளிப்படையாகவே கண்டித்தது. சோலைவரியை ஏய்ப்பவன் தன் வாசலுக்கு வடிகான் கேட்பது எவ்வாறு நியாயமாகும்?

பணம் வந்த பின் அதைப் பங்கிடுவது எப்படி? பெரும்பான்மையோர் கையுயர்த்தினால் போதும் என்பார் சிலர். போதாது. குழாய் உள்ளவர்கள் பெரும்பான்மையினராயின், இல்லாதவன் என்றென்றும் காத்திருக்க நேரும். போர்ட்டோ அலெக்ரேயில் மூன்று அளவுகோல்கள் வைக்கப்பட்டன: அப்பிரிவில் எத்தனை பேர் வாழ்கின்றனர், அவர்களுக்கு எவ்வளவு குறை உள்ளது, அவர்கள் எதை முதலிற் கேட்கின்றனர். குறை கூடிய இடத்துக்குப் புள்ளியும் கூடியது. அத்தோடு, முடிவெடுக்குமுன் பிரதிநிதிகள் பஸ்ஸில் ஏறி மற்றவர்களின் குடியிருப்புகளையும் நேரில் சென்று பார்த்தனர். 1988இல் நூற்றுக்கு 75 வீடுகள் பெற்றிருந்த நீர், கழிவுநீர் இணைப்புகளை 1997இல் 98 வீடுகள் பெற்றிருந்தன.

இது திருச்சபைக்குப் புதிதன்று. அன்றாடப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டதை அப்போஸ்தலர் பணி ஆறாம் அதிகாரம் கூறுகின்றது. அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. எழுவரைத் தெரிந்தெடுக்குமாறு சபையாரைக் கேட்டனர். தெரியப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! குறையை அனுபவித்தவர்களின் பக்கத்தாரிடமே பங்கீடு ஒப்படைக்கப்பட்டது எனலாம். அங்கே நடந்தது தருமம் மாத்திரமன்று, நீதியுமாகும். ஏழையின் வீட்டுக்குக் குடிநீர் கொடுப்பது நாம் போடும் பிச்சையல்ல. அவனுக்குரியதை அவனுக்குக் கொடுப்பதாகும்.

எனினும் நல்ல முறையொன்று தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை. உலகெங்கும் பல நகரங்கள் பின்பற்றிய அத்திட்டம், பிறந்த நகரிலேயே மெல்லத் தளர்ந்து 2017இல் இடைநிறுத்தப்பட்டது. சட்டமும் புள்ளிகளும் வேண்டியவையே. அவற்றைத் தாங்கி நிற்பதோ மக்களின் மனச்சாட்சி.

வாசகரே, உமது நகரிலும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் தயாராகின்றது. "எங்கள் ஒழுங்கைக்கு என்ன வந்தது?" என்று கேட்பது உமது உரிமை, கேளும். ஆனால் கிறிஸ்தவன் அதோடு நின்றுவிடலாகாது. உமது ஒழுங்கைக்கு ஏற்கெனவே தார் போட்டாயிற்று என்றால், மாரியில் முழங்காலளவு தண்ணீரில் நடக்கும் அடுத்த ஒழுங்கைக்காரனுக்காக, "இம்முறை அவனுக்கு" என்று சொல்ல உமக்கு மனம் வருமா? பிறரன்பு நமக்குச் செலவு வைப்பது அந்த இடத்தில்தான்.