பக்கத்தில் படுத்தது யார் பிள்ளை?



கோடை விடுமுறை வந்துவிட்டது. நம் பிள்ளைகளிற் பலர் முகாமுக்குப் புறப்படுகிறார்கள். துணிமணிகளை அடுக்கும்போதே சில தாய்மாருக்குக் கண் கலங்குகிறது. "வீட்டில் தன் தட்டைக் கழுவி அறியாத பிள்ளை, அங்கே என்ன செய்யும்?" என்கிறார்கள். வேறு சிலரோ, "இந்தப் பத்து நாளில் கணக்குப் பாடமாவது படிக்கலாமே" என்கிறார்கள். இவர்கள் இருவரும் சற்று யோசிக்கவேண்டிய சுவிசேஷ நிகழ்ச்சி ஒன்று உண்டு.

சேசுநாதர் சுவாமி பன்னிரண்டு வயதில் பாஸ்குத் திருநாளுக்கு ஜெருசலேம் சென்றார். திரும்பும் வழியில் தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் ஒரு நாள் பயணம்வரை அவரைத் தேடவில்லை. ஏன்? உறவினரோடும் அறிமுகமானவர்களோடும் வருகிறார் என்று எண்ணினார்கள். கூட்டத்தோடு கூடி நடக்கத் தெரிந்த பிள்ளை அவர். அந்த அதிகாரத்தை முடிக்கும்போது அர்ச். லூக்காஸ், அவர் சர்வேசுரனுக்கு மாத்திரமல்ல, மனிதருக்கும் உகந்தவராய் வளர்ந்தார் என்கிறார். தேவ சுதனே மனிதரோடு பழகி வளர்ந்தாரென்றால், நம் பிள்ளைகளுக்கு அது வேண்டாமா?

இதை நன்றாய் உணர்ந்தவர் அர்ச். தொன் போஸ்கோ. இத்தாலியில் தூரின் நகரத்தில் அவரிடம் இருந்த சிறுவர்களிற் பலர் அனாதைகள், கொத்து வேலை தேடி வந்த ஏழைகள். 1864-ம் ஆண்டுவரை, அக்டோபர் விடுமுறைகளில், தாம் பிறந்த பெக்கி என்ற சிற்றூருக்கு அவர்களைக் கால்நடையாய் அழைத்துச் செல்வார். அங்கே செபமாலை மாதா திருநாள், பாட்டு, வாத்தியம். இரவில் அவருடைய தமையனார் வீட்டில் வைக்கோலின் மேல் படுக்கை. 1854-ல் அப்படிப் போயிருந்தபோதுதான், பன்னிரண்டு வயதான தோமினிக் சாவியோ தன் தகப்பனாரோடு வந்து அவரைச் சந்தித்தான்.

இந்தச் சாவியோ பிற்பாடு தூரினில் செய்ததைக் கேளுங்கள். அவனுடைய பள்ளித் தோழர் இருவர் கல்லெறிந்து சண்டையிடத் துணிந்தார்கள். காரணம் என்ன? ஒருவன் குடும்பத்தை மற்றவன் இழிவாய்ப் பேசினான். சாவியோ பாடுபட்ட சுரூபத்தைக் கையில் ஏந்தி நடுவில் நின்று, முதற் கல்லைத் தன்மேல் எறியும்படி சொன்னான். இருவர் கையிலிருந்தும் கல் கீழே விழுந்தது. 1954-ல் திருச்சபை அவனை அர்ச்சியசிஷ்டர் வரிசையில் சேர்த்தது.

முகாமிலும் சண்டை வரும். குழாயடியில் முறைக்குக் காத்து நிற்கவேண்டும்; விளையாட்டில் தோற்கவேண்டும்; பரிந்து பேச அங்கே தாய் இல்லை. ஆகவே பிள்ளை தானே மன்னிப்புக் கேட்கப் பழகும். இரவில் வீட்டை நினைத்து ஒருவன் அழுவான்; பக்கத்துப் பாயில் படுத்தவன் எழுந்து தேற்றுவான். இதைப் பாடப் புத்தகம் கற்பிக்காது.

பெற்றோரே, முகாமை நடத்துவோர் யார், இரவில் பிள்ளைகளைக் கவனிப்போர் யார் என்று விசாரியுங்கள். அது உங்கள் கடமை. ஆனால் பிள்ளை திரும்பி வந்ததும் ஒரு கேள்வியை மாத்திரம் கேட்காதீர்கள். "உன் பக்கத்தில் படுத்தது யார் பிள்ளை? எந்தத் தெரு?" என்பதே அந்தக் கேள்வி. அதன் பொருள் பிள்ளைக்கு விளங்கும். பத்து நாளாய் ஒரே பந்தியில் உண்டு சிநேகிதனானவனை, அன்று முதல் ஜாதியின் பெயரால் பார்க்கத் தொடங்கும். ஒரே ஆண்டவரை நன்மை வாங்குகிற நாம் இப்படிக் கேட்கலாமா? சாவியோ தடுத்த கல்லை நம் கையாலேயே எறியலாமா?

"யாருக்கு உதவி செய்தாய்? யாரோடு சண்டையிட்டுச் சமாதானமானாய்?" என்று கேளுங்கள். அந்தச் சிநேகிதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, உங்கள் பிள்ளையோடு உட்காரவைத்துச் சோறு பரிமாறுங்கள். வசதியுள்ளவர்கள் ஓர் ஏழைப் பிள்ளையின் முகாம் செலவையும் சேர்த்துக் கொடுங்கள்.

காணாமற்போன பாலனை மூன்றாம் நாள் கண்டு மகிழ்ந்த தேவமாதா, நம் பிள்ளைகளையும் சுகமாய் வீடு சேர்ப்பாராக. வந்து சேரும் வீடும் அவர்கள் கற்ற அன்புக்கு இடங்கொடுக்கும் வீடாய் இருப்பதாக. ஆமென்.