வாழவந்தி வராந்தா



சொந்த ஊரை விட்டு வேறொரு நாட்டுக்குப் போய், சம்பளம் எதிர்பாராமல் சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். வகுப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நாள் எப்படிக் கழிகிறது? அந்த மீதி நாளில்தான் உண்மையான பாடம் நடக்கிறது என்பது என் எண்ணம். கொல்லிமலையில் வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்று மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்திலேயே மேலே போய்விடலாம். 1913இல் அந்தச் சாலை இல்லை. அந்த ஆண்டு சேந்தமங்கலத்தில் திருமணம் முடிந்த கையோடு ஜெஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி மலையேறி வாழவந்தியில் குடியேறினார்கள். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டுக்காரர்கள் தங்கத் தயங்கிய இடம் அது. ஜெஸி கட்டட வேலை தெரிந்தவர். லண்டனில் ஓராண்டு மருத்துவப் பயிற்சியும் பெற்றிருந்தார். ஈவ்லின் வசதியான வணிகர் வீட்டுப் பெண், ஓவியம் படித்தவர்.

சுவிசேஷம் சொல்லத்தான் வந்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டு வராந்தாவுக்கு வந்தவர்கள் சொத்தைப் பல்லோடும் ஆறாத புண்ணோடும் வந்தார்கள். பலருக்குக் காலில் நரம்புச் சிலந்தி. முழங்கை நீளத்துக்கும் மேலான புழு, தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். பாதியில் அறுந்துபோனால் கால் வீங்கிச் சீழ் வைத்துவிடும். ஒரே ஆள் அதே வராந்தாவுக்கு நாள்தோறும் வருவார். ஜெஸி அவர் காலைப் பிடித்து இன்னும் ஒரு சுற்று சுற்றுவார். ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இதைவிட நல்ல வகுப்பறை வேறென்ன இருக்க முடியும்?

வைத்தியத்தோடு அவர் நிற்கவில்லை. புண்காலோடு கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீர் எடுக்கும்போது புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சி வழியாக அது குடிப்பவர் வயிற்றுக்குப் போகிறது. ஏறக்குறைய ஓராண்டில் மறுபடியும் ஒரு கால் வீங்குகிறது. ஆகவே கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டுங்கள், உள்ளே இறங்காதீர்கள், தண்ணீரைத் துணியில் வடிகட்டுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். கல் எடுத்து வைக்கத் தானும் கூட நின்றார். பள்ளிக்கூடம் வைத்தார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். 

இத்தனைக்கும், முதல் சில ஆண்டுகள் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. 1918இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. ஆட்கள் பயந்து விட்டு ஓடிய வீடுகளுக்கு இருவரும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனார்கள். அதுவரை அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர், சாகும் தறுவாயில் தம் பிள்ளைகளை அவர்கள் கையில் ஒப்படைத்தார். இந்தச் செய்தியை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கிறது. கொள்கையில் உடன்படாத மனிதர், தம் பிள்ளைக்கு யார் சோறு போடுவார் என்று பார்த்து வைத்திருந்தார்.

அவர்கள் தந்த விலையையும் சொல்லத்தான் வேண்டும். 1914இல் பிறந்து மலையிலேயே வளர்ந்த மகன் பால், பலாமரத்தில் ஏறி உட்கார்ந்து கணக்குப் போட்டு, கயிற்றில் கட்டிக் கீழே இருக்கும் அம்மாவுக்கு இறக்குவானாம். அவனுக்கு ஒன்பது வயதானபோது படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டு வந்தார்கள். அப்பாவை அவன் மறுபடி பார்க்கவே இல்லை. 1929 ஜூன் மாதம் ஜெஸி காய்ச்சலில் இறந்தார். சாவுச் செய்தி தந்தியில் முந்திவிட்டது. அப்பா எழுதிய கடிதங்கள் கப்பலில் பின்னால் வந்துகொண்டிருந்தன. அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

கணவருக்குப் பிறகும் ஊழியத்தைத் தொடர்ந்த ஈவ்லின் எழுபதை நெருங்கியபோது, அவர்களை அனுப்பியிருந்த மிஷன் சங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. 1947இல் ஓய்வை ஏற்றுக்கொண்ட அவர், ஊருக்குத் திரும்பவில்லை. இனி நான் யாருடைய ஊழியரும் இல்லை என்று சொந்தப் பொறுப்பில் மலைக்கே ஏறிவிட்டார். என் பார்வையில், அவர் வாழ்வின் உயர்ந்த பகுதி அங்கேதான் தொடங்குகிறது. கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன்மலை என்று மட்டக்குதிரையில் சுற்றினார். குதிரையிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தது, ஒரு முறை அல்ல. இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். வகுப்பு எடுத்தார், மருந்து கொடுத்தார், கணவர் சொன்ன அதே கிணற்றுப் பாடத்தைத் தாமும் சொன்னார். கீழே வந்து என்னோடு இருங்கள் என்று மகன் கெஞ்சிப் பார்த்தார். உடம்பைப் பயன்படுத்தாமல் பத்திரப்படுத்தி என்ன செய்யப் போகிறேன் என்பதுதான் ஈவ்லினின் நிலை.

1974 டிசம்பரில், 95ஆம் வயதில் மறைந்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் அவரால் குதிரையில் ஏற முடியவில்லை. பாடம் மட்டும் நிற்கவில்லை: மலைக்காரர்கள் தூளி கட்டி, தங்கள் ஆசிரியையைத் தோளில் தூக்கி, அடுத்த ஊருக்குக் கொண்டுபோனார்கள்.