ஆண்டுக்கொரு பயணம்

இல்லறத்தான் ஒருவன் மனைவி மக்களையும் அலுவலையும் விட்டு, ஆண்டுக்கு ஒருமுறை பழைய நண்பர்களோடு மலைக்கும் காட்டுக்கும் போய்வருவது தகுமா? எங்கள் கே.கே. நகரில் கோடை பிறந்தாலே பல வீடுகளில் இவ்வினா எழுகின்றது. பெண்கள் கூடுமிடத்தில் இதற்கு ஒரே விடைதான்: "இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" அவ்விடையில் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டேன். அவன் இல்லாத மூன்று நாளும் முதியோரின் மருந்தும் குழந்தைகளின் படிப்பும் ஒருத்தியின் தலையில்தான் விழுகின்றன. அவளுக்கும் பள்ளித் தோழியர் இருந்தார்கள். அவர்களோடு அவள் எந்த மலையும் ஏறியதில்லை. அது தனியே எழுதவேண்டிய பொருள்.

ஆயினும் ஆண்களின் நட்பை வீண்பொழுது என்று தள்ளிவிடவும் மனம் ஒப்பவில்லை. உறவுக்குச் சடங்குண்டு, சீருண்டு, அழைப்பிதழுண்டு. நட்புக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. நாள் ஒதுக்கினால் வாழும், இல்லையேல் ஓசையின்றி மாய்ந்துவிடும். பணிமாற்றம், வீட்டுக்கடன், பிள்ளைகளின் கல்லூரிச் செலவு என்று வந்தபின், ஐம்பது வயதில் பலருக்கு எஞ்சுவோர் உடன் வேலை செய்பவர்களும் உறவினர்களுமே. கடன்பட்ட செய்தியை இவ்விரு சாராரிடமும் ஓர் ஆண்மகன் சொல்லான்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு ஒன்று கற்பித்தார்கள். சிறுவனை எதிரே நிறுத்திக் கேட்டால் வாய் திறவான். தோட்டத்தில் அவனோடு சேர்ந்து மண் கொத்திக்கொண்டே கேட்டால் எல்லாம் சொல்வான். வளர்ந்த ஆணும் அப்படியே. மலைப்பாதையில் பக்கத்தில் நடப்பவனிடம்தான் அவன் நெஞ்சைத் திறக்கிறான். திருவள்ளுவர் நட்புக்கு ஐந்து அதிகாரம் ஒதுக்கினார் என்று பெருமை பேசுவோம். அவ்வைந்தில் தீ நட்பு, கூடா நட்பு என்னும் இரண்டும் எச்சரிக்கை என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

மதுரையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள கொடைக்கானலில் 2006ஆம் ஆண்டு நடந்ததை இங்கே எண்ணிப் பார்க்கலாம். கேரளத்தில் கொச்சியை அடுத்த மஞ்சும்மலிலிருந்து நண்பர் குழு ஒன்று சுற்றுலா வந்தது. 1991இல் வெளிவந்த 'குணா' திரைப்படத்தால் பெயர்பெற்ற குகைக்குச் சென்றவர்கள், தடுப்பைக் கடந்து உள்ளே போனார்கள். ஒருவர் ஆழ்ந்த பிளவுக்குள் விழுந்துவிட்டார். மீட்புப் பணியாளர்கள் வந்தபின்பும், கயிற்றைக் கட்டிக்கொண்டு அவ்விருளுக்குள் இறங்கியவர் அந்நண்பர்களுள் ஒருவரான சிஜு டேவிட். விழுந்தவரை உயிரோடு மேலே கொண்டுவந்தார். அரசு அவருக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம் அளித்தது. 2024இல் இக்கதை திரைப்படமாகவும் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது.

படம் பார்த்தோர் கண்ணீர் விட்டனர், விடத்தக்கதே. என் மனம் நின்றது தடுப்பின் அருகில். இறங்கியவருக்குப் பதக்கம் உண்டு. "இதைத் தாண்டவேண்டாம், திரும்புவோம்" என்று ஒருவர் சொல்லி, மற்றவர்கள் அவரைக் கோழை என்று கேலி செய்தபடியே திரும்பியிருந்தால், அவருக்கு எப்பதக்கமும் இல்லை, படமும் இல்லை. தடுப்பைத் தாண்டத் துணிவு தந்ததும் குழுவின் தோழமைதான். பிளவுக்குள் இறங்கச் செய்ததும் அதே தோழமைதான். ஒன்றை மட்டும் எடுத்துப் புகழ்வது பாதிக் கணக்கு.

நம் நூல்கள் இவ்விரண்டையும் தனித்தனியே பேசுகின்றன. பயனின்றித் தீங்கு விளைக்கும் செயல்களை விலக்கும் அனர்த்ததண்ட விரதத்தில், கவனமற்ற நடத்தையும் ஒரு குற்றமாக வைக்கப்பட்டுள்ளது. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றோ, நழுவுகின்றவரைப் பிடித்து நிலைநிறுத்துவது. அது அறநெறியினின்று நழுவுவோரைப் பற்றியது என்பதை அறிவேன். ஆனால் குடியில், கடனில், சோர்வில் நழுவும் தோழனை, ஆண்டுக்கொருமுறையேனும் அருகில் நடந்து பாராதவன் எவ்வாறு அறிவான்?

ஆகவே போகின்ற ஆண்களிடம் நான் கேட்பவை சில. வீட்டில் இருப்பவளுக்கும் அதே ஆண்டில் மூன்று நாள் ஒதுக்கினீர்களா? உங்கள் குழுவில் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவர் யார்? அவர் சொன்னால் கேட்பீர்களா? மது இல்லாமல் போகமுடியாதென்றால், அது தோழமையைத் தேடிப் போகும் பயணமா என்ன?

வயது ஏறியோர் கொடைக்கானல்வரை போகவும் வேண்டியதில்லை. கீழக்குயில்குடிச் சமணமலை மதுரைக்கு அருகிலேயே இருக்கிறது. பாறைப் படிகளில் நின்று நின்று ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களும், அவற்றின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் காணலாம். மூச்சு வாங்கும்போது முன்னே போகிறவர் காத்திருப்பார்; பேச்சும் அங்கேதான் தொடங்கும்.