வேகமும் ஐந்தாம் கட்டளையும்

சாவீடுகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ஒன்றுண்டு: “எல்லாம் ஆண்டவருடைய சித்தம்.” ஆறுதலுக்காகச் சொல்லப்படும் இச்சொல்லைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆயினும், வீதி விபத்தில் மாண்ட ஓர் இளைஞனின் பெட்டியருகே அதைக் கேட்கும்போது ஒரு கேள்வி எழவே செய்கிறது. மனிதன் ஓடிய வேகத்தை ஆண்டவரின் கணக்கில் எழுதிவிடுவது முறையாகுமா?

2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் வடபகுதியின் வீதிகள் பல அகலமாக்கப்பட்டுக் காப்பெற் இடப்பட்டன. அன்று குண்டும் குழியும் அடக்கிவைத்த வேகத்தை இன்று மனச்சாட்சிதான் அடக்கவேண்டும். யாழ்ப்பாண நகரத்தின் ஆஸ்பத்திரி வீதியை எண்ணிப் பாருங்கள். நோயாளர், பள்ளிப் பிள்ளைகள், சைக்கிளில் சந்தைக்குச் செல்லும் முதியோர் ஆகிய அனைவருக்கும் உரிய வீதி அது. அவர்களுக்கிடையேதான் மோட்டார் சைக்கிள்களும், பயணிகளை ஏற்றப் போட்டியிடும் பஸ்களும் பாய்கின்றன.

இவ்வேகத்தால் நாம் பெறுவது என்ன? மூன்று கிலோமீற்றர் தூரத்தை 40 கிலோமீற்றர் வேகத்தில் நாலரை நிமிடத்திலும், 60 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று நிமிடத்திலும் கடக்கலாம். இலாபம் ஒன்றரை நிமிடம். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவதைக் கண்டு பிறேக்கை மிதிக்க ஒரு விநாடி செல்கிறதென்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு விநாடியில் முதல் வண்டி 11 மீற்றரும், இரண்டாவது வண்டி 17 மீற்றரும் ஓடிவிடும். மோதும் வலுவோ இரண்டு மடங்கிற்கும் மேலாகிவிடும்.

“நான் எத்தனையோ வருடங்களாக ஓடுகிறேன், ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லையே” என்பார் சிலர். இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். இருவர் ஒரே வீதியில் ஒரே வேகத்தில் செல்கின்றனர். ஒருவன் முன்னே குழந்தை வந்தது. மற்றவன் முன்னே வரவில்லை. முதல்வனை உலகம் கொலைகாரன் என்கிறது. இரண்டாமவன் வீடு சென்று நிம்மதியாக உறங்குகிறான். ஆனால் இருவரும் உள்ளத்திலே செய்த தீர்மானம் ஒன்றே: பிறருடைய உயிரிலும் என் அவசரம் பெரிது. பாவம் அத்தீர்மானத்தில் இருக்கிறதேயன்றி, குழந்தை வந்ததிலோ வராததிலோ இல்லை.

திருச்சபையின் போதனையும் இதுவே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, வேகக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை அலட்சியம் செய்வோர் தம்முயிருக்கும் பிறருயிருக்கும் ஆபத்து விளைவிக்கின்றனர் என்பதைச் சுட்டிக்காட்டியது. 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, குடிபோதையாலோ வேக மோகத்தாலோ வீதியில் உயிர்களை ஆபத்துக்குள்ளாக்குவதை ஐந்தாம் கட்டளையின் கீழேயே வைத்து, அதனைக் கனமான குற்றம் என்கிறது. விபத்து நிகழ்ந்தால் மட்டுமே குற்றம் என்று அது சொல்லவில்லை.

அப்படியாயின், பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்யும்போது நமது வண்டியோட்டத்தையும் நாம் ஆராய வேண்டாமா? மகன் பரீட்சையில் சித்தியடைந்ததும் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், பொறுமையையும் கூடவே கற்றுக்கொடுத்தோமா என்று தம்மைக் கேட்கட்டும். தகப்பன் ஓடுவதைப் பார்த்தே பிள்ளை ஓடப் பழகுகிறான்.

ஞாயிறு பூசைக்குப் பிந்திவிட்டோமென்று பறந்து செல்லும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. பத்து நிமிடம் முந்திப் புறப்படுவோம். வழியில் ஒரு முதியவர் வீதியைக் கடக்க நின்றால் வண்டியை நிறுத்துவோம். ஆண்டவருடைய சித்தம் எதுவென்று அவ்விடத்தில் நமக்கு ஐயமே இராது.